செம்பு எங்கே போச்சு?

அந்த அம்மா கறுப்பு எனாமல் தட்டு ஒன்றைக் கையில் ஏந்தி நின்றார். தட்டில் ஒரு பிடி சேறு. அதில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, அரிசி களைவதுபோல் சாய்த்துச் சாய்த்து ஆட்டினார். சேறு கரைந்து வழிந்தது. தட்டின் விளிம்பில் ஒன்றும் தங்கவில்லை. விரலால் தடவிப் பார்த்தார். இன்னொரு பிடி அள்ளி மறுபடி ஆட்டினார்.

"வெளியே போற மண்ணுல செம்பு இல்ல. தொட்டியிலயும் இல்ல. அப்ப செம்பு எங்க போச்சு?"

இந்தியில்தான் கேட்டார். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்திக்கே அது புரிந்துவிட்டது.

எதிரே மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நாலடி தள்ளி மரத்துடுப்போடு நின்றேன். முழங்கால் வரைக்கும் சாம்பல் நிறச் சேறு. அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்த ஒரே ஆள் அந்தக் கொட்டகையில் நான்தான். அது எனக்கே உறைக்க இன்னும் கொஞ்ச நேரம் ஆயிற்று.

இரண்டு கை இருந்தால் போதும்

நாக்பூருக்கு அப்பால், லாரி டிரைவரோடு சண்டை போட்டுக்கொண்டு நடுரோட்டில் இறங்கியதைப் போன வாரம் எழுதியிருந்தேன். என்ன சண்டை என்று இரண்டு பேர் கடிதம் போட்டுக் கேட்டிருக்கிறார்கள். சாம்பாரில் வெல்லம் போடலாமா கூடாதா என்பதுதான் சண்டை. பசியில் இருக்கிறவர்கள் இதற்கெல்லாம் சண்டை போடுவார்கள்.

குத்தாலத்தில் எட்டாம் வகுப்பில் இரண்டு வருஷம் உட்கார்ந்தேன். மூன்றாம் வருஷமும் அதே பெஞ்சில் உட்காரப் பிடிக்காமல் பஸ் ஏறியவன் நான். கும்பகோணத்தில் ஒரு காபி கிளப்பில் டபரா கழுவினேன். கை வெந்து தோல் உரிந்ததும் லாரிக்குக் கிளீனராகப் போனேன். ஒரு இடத்தில் மூன்று மாதத்துக்கு மேல் இருந்தால் உள்ளங்கால் அரிக்கும். இப்போதும் அரிக்கிறது. முழங்கால்தான் ஒத்துழைப்பதில்லை.

லாரியை விட்ட ஐந்தாம் நாள் அந்தச் செம்புச் சுரங்கத்தின் வாசலில் போய் நின்றேன். நடுவில் இரண்டு நாள் வாழைப்பழம், மற்ற நாள் தண்ணீர். காண்ட்ராக்டரின் ஆள் என் கைகளைத் திருப்பிப் பார்த்தான். இரண்டும் இருந்தன. சேர்த்துக்கொண்டான்.

சுரங்கம் என்றதும் பாதாளத்தில் இறங்கி விளக்கு வைத்த தொப்பியோடு வேலை செய்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். நான் ஒரு நாளும் கீழே இறங்கவில்லை. ஒரு குன்றின் அடியில் தகரக் கொட்டகை. அங்கேதான் எனக்கு வேலை.

அந்தக் குன்றைச் சாமி படைக்கவில்லை. அங்கே எனக்கு முன்னால் இருந்தவர்கள் வேண்டாம் என்று கொட்டிக் கொட்டி உண்டாக்கிய கல் மலை. மழை பெய்தால் அதிலிருந்து வடிகிற தண்ணீர் பச்சையாக ஓடும்.

நாயக் மேடம்

அங்கே எல்லாரும் அவரை நாயக் மேடம் என்றார்கள். ஒடியாக்காரரோ கன்னடக்காரரோ என்று நினைத்துக்கொண்டேன். சேலைக்கு மேல் காக்கிச் சட்டை, காலில் ஆம்பிளை பூட்ஸ், எண்ணெய் வைத்து இறுக்கி முடிந்த கொண்டை. முப்பது வயது இருக்கலாம். கல்லிலிருந்து உலோகத்தைப் பிரிக்கிற படிப்பு படித்தவர். அவர் படித்த வகுப்பில் அவர் ஒருவர்தான் பெண் என்று பேசிக்கொண்டார்கள்.

பெண்களைச் சுரங்கத்துக்குள் இறக்கக் கூடாது என்று அப்போது சட்டம். அதனால் மேலே, கல்லை அரைத்துச் செம்பு பிரிக்கிற ஆலையில் அவரைப் போட்டார்கள். ஓரமாக உட்கார்ந்து கணக்கு எழுதட்டும் என்று நினைத்திருக்கலாம். அவர் எழுந்து போய் அந்தக் கல் மலையைச் சுற்ற ஆரம்பித்துவிட்டார்.

அந்தக் கல்லில் செம்பு இருக்கிறது என்றார் அவர். இருந்தாலும் பிரிக்க வராது, வழக்கமான மருந்துக்கு அது மசியாது என்றார்கள் மற்றவர்கள். முதலில் வேறொரு மருந்தில் கொஞ்ச நேரம் ஊற வைத்தால் மசியும் என்றார் இவர். நம் நாட்டில் யாரும் அப்படிச் செய்ததில்லையே என்றார்கள். அதனால்தான் நான் செய்கிறேன் என்றாராம். இந்த உரையாடலைக் கேன்டீனில் ஆளுக்கொரு விதமாக நடித்துக் காட்டுவார்கள்.

இரண்டு வருஷம் மனு போட்ட பிறகு பழைய தொட்டிகள் நான்கும் ஒரு கொட்டகையும் கொடுத்தார்கள். மூன்று ஷிப்ட் ஓட்டிக் காட்ட வேண்டும். செம்பு வந்தால் அந்த மலைக்கென்றே தனி ஆலை. வராவிட்டால் மலையைத் தட்டிச் சமன் செய்து குவார்ட்டர்ஸ் கட்டுவார்கள். அவர் தலைமை அலுவலகத்துக்குப் போய்க் காகிதம் அடுக்க வேண்டும். இதுவும் கேன்டீனில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

நுரை

வேலை இதுதான். கல்லை மாவாக அரைத்துத் தண்ணீரில் கரைத்துத் தொட்டியில் விடுவார்கள். மருந்து சேர்ப்பார்கள். அடியிலிருந்து காற்று ஊதும்போது தொட்டி முழுக்க நுரை பொங்கும். செம்புத்தூள் குமிழியில் ஒட்டிக்கொண்டு மேலே வரும். கல் கீழே போகும். நுரையை வழித்து எடுத்தால் அதில்தான் சரக்கு.

இன்று இதை இவ்வளவு தெளிவாகச் சொல்கிறேன். அன்று இதை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

முதலில் ஊற வைக்கிற மருந்துக்கு அழுகின முட்டை நாற்றம். அதற்குப் பிறகு ஊற்றுவது பைன் எண்ணெய். அது ஆஸ்பத்திரித் தரையை நினைவுபடுத்துகிற வாசனை. இரண்டும் கலந்து மூக்கில் ஏறினால் சோறு இறங்காது. எனக்கு இறங்கியது.

பத்து நாள் கல் சுமந்தேன். பதினோராம் நாள் காலை, சோதனையின் முதல் ஷிப்டில், என் கையில் துடுப்பைக் கொடுத்தான் சூப்பர்வைசர்.

"மேல வர்றதை வழிச்சு இந்தத் தொட்டியில தள்ளு. தொட்டி வழியாம பாத்துக்க."

அவ்வளவுதான். டீ குடிக்கப் போனவன் திரும்பி வரச் சாவகாசமாயிற்று. மேடம் ஒருமுறை வந்து பொங்குகிற நுரையைப் பார்த்தார். குமிழி ஒன்றை விரலில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். முகத்தில் ஒரு திருப்தி தெரிந்தது. மருந்து அளக்கிற இடத்துக்குப் போய்விட்டார்.

விதை நெல்

இங்கே எங்கள் ஊர் வேலை ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

நாற்று விடுவதற்கு முன் விதை நெல்லைத் தேற்றுவோம். தொட்டித் தண்ணீரில் உப்பைப் போட்டுக் கரைத்து, ஒரு முட்டையை மிதக்க விட்டுப் பார்ப்போம். முட்டை தலை காட்டி மிதந்தால் உப்பு சரி. பிறகு நெல்லைக் கொட்டினால் மணி பிடித்த நெல் அடியில் போகும். பதரும் கருக்காயும் மேலே வரும். மேலே வந்ததைக் கையால் வழித்து ஒதுக்கிவிட்டு, அடியில் கிடப்பதை நல்ல தண்ணீரில் அலசி ஊற வைப்போம்.

எங்கள் அப்பா குத்தகைக்கு எடுத்த நிலத்துக்கு ஒவ்வொரு வருஷமும் பதர் வழித்தது நான்தான். படிப்பு வரவில்லை. இது நன்றாக வந்தது.

ஒரு தடவை சோம்பலில் பதரை வாய்க்காலில் கொட்டிவிட்டேன். மடையில் போய் அடைத்துக்கொண்டது. கீழ் வயல்காரர் வந்து சத்தம் போட்டார். அப்பா வேப்பங்குச்சியை ஒடித்தார். அன்றிலிருந்து வழித்ததைத் தனியாகக் குழியில் கொட்டுவதுதான் என் வழக்கம்.

இப்போது கொட்டகைக்கு வாருங்கள். மேலே கறுப்பும் பச்சையுமாக அழுக்கு நுரை பொங்குகிறது. அடியிலிருந்து மாவு மாதிரி நைசான மண் மதகு வழியாகப் போகிறது. எது நல்லது, எது கழிவு என்று யாரைக் கேட்க வேண்டும்? சின்ன வயசிலிருந்து பார்த்ததுதானே.

நுரைத்தொட்டி நிரம்பியது. வழியக் கூடாது என்று சொல்லியிருந்தான் அல்லவா? வாளியில் அள்ளி, கொட்டகைக்குப் பின்னால் அஸ்திவாரத்துக்காக வெட்டிப் போட்டிருந்த குழியில் கொண்டுபோய்க் கொட்டினேன். நிரம்ப நிரம்பக் கொட்டினேன். நாற்பது நடை இருக்கும். முதுகு விட்டுப்போயிற்று. நல்ல வேலைக்காரன் என்று மேடம் கண்ணில் படுவோம், நிரந்தரமாகப் போட்டுவிடுவார்கள் என்றுகூட நினைத்தேன்.

மாடு நிற்கிற தோப்பு

ஷிப்ட் முடிந்து நுரைத்தொட்டியைப் பார்த்தபோது அடியில் கையளவு வண்டல்தான் இருந்தது. மேனேஜர் சிரித்தார். பொல்லாத சிரிப்பு இல்லை. முன்பே தெரிந்த முடிவைப் பார்த்தவருடைய சிரிப்பு.

"மிச்ச ரெண்டு ஷிப்ட் வேண்டாம் மேடம். எல்லாருக்கும் நேரம் மிச்சம்."

"கல்லுல செம்பு இருந்துது சார். நேத்துதான் லேப்ல பாத்துக் குடுத்தாங்க. வெளியே போற மண்ணுல இல்ல. அப்ப நுரையிலதானே இருக்கணும்? நுரை வந்துது, காலைல நானே பாத்தேன்."

"தொட்டியில இல்லையே."

அப்போதுதான் அவர் தட்டை எடுத்து ஆட்டி, செம்பு எங்கே போச்சு என்று கேட்டது. நுரையில்தான் இருக்க வேண்டும் என்று அவர் சொன்னது கொஞ்ச நேரம் கழித்து எனக்கு உறைத்தது. நான் குழியில் கொட்டியதுதான் செம்பு.

காண்ட்ராக்டரின் ஆள் வாசலில் நின்றான். சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் ஒருவருக்கும் தெரியப் போவதில்லை. வாழைப்பழம் தின்ற இரண்டு நாளும் தண்ணீர் குடித்த நாட்களும் நினைவுக்கு வந்தன.

நான் பெரிய யோக்கியன் என்று காட்ட இதை எழுதவில்லை. ஒருவர் மாட்டைத் தேடிக்கொண்டு வருகிறார். மாடு நிற்கிற தோப்பு நமக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டு போக முடியுமா? அவ்வளவுதான் அன்று மனதில் இருந்தது.

"மேடம், நான் கொட்டிட்டேன்" என்றேன் இந்தியில்.

"எதை?"

"நுரையை."

"ஏன்?"

பதருக்கு இந்தியில் என்ன சொல்வது? கையை ஆட்டிப் பார்த்தேன். ஊதிக் காட்டினேன். மேனேஜர் எனக்குப் பைத்தியம் என்று முடிவு செய்துகொண்டிருந்தார். கடைசியில் தமிழிலேயே வந்துவிட்டது.

"மேல மிதக்குறது பதருதானேங்க?"

அந்த அம்மா தட்டோடு அப்படியே நின்றார். பிறகு தமிழில் கேட்டார்.

"நீ எந்த ஊருப்பா?"

"குத்தாலங்க."

"நாசமா போச்சு. நான் திருவிடைமருதூரு." உடனே குரல் உயர்ந்தது. "எங்க கொட்டுன? வாய்க்கால்லயா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "பதரை யாராச்சும் வாய்க்கால்ல கொட்டுவாங்களா? பின்னால குழியிலதாங்க கெடக்கு. ஒரு பொட்டு சிந்தல."

அவர் ஓடினார். அந்த பூட்ஸோடு அப்படி ஓட முடியும் என்று அன்றுதான் பார்த்தேன்.

குழியில் நுரை அடங்கிக் கறுப்புச் சேறாகக் கிடந்தது. மண்டி போட்டு ஒரு பிடி அள்ளித் தட்டில் ஆட்டினார். சேறு போகப் போக, விளிம்பில் பாசி மாதிரி கரும்பச்சையாக ஒரு கோடு நின்றது. விரல் அகலம். அதை மேனேஜர் முகத்துக்கு நேரே நீட்டினார்.

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "குழி மண்ணை வெச்சு நான் எப்படி மேடம் மேலிடத்துக்கு எழுதறது?" என்றார்.

"அள்ளி நிறுங்க. லேப்புக்கு அனுப்புங்க. அதுக்கப்புறம் எழுதுங்க."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. காண்ட்ராக்டரின் ஆள் என் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டான். சாயங்காலச் சங்கு ஊதும்போது நான் என் பையோடு கேட்டுக்கு வெளியே ரயிலடிக்கு நடந்துகொண்டிருந்தேன்.

அந்த அம்மாவுக்கு மிச்ச இரண்டு ஷிப்ட் கிடைத்ததா? இந்தக் கேள்வியைச் சூரத்துக்கும் விசாகப்பட்டினத்துக்கும் இன்னும் எங்கெல்லாமோ சுமந்துகொண்டு திரிந்தேன். யாரைக் கேட்பது?

கண் ஆஸ்பத்திரி பெஞ்சு

இப்போது குத்தாலத்தில் தங்கை வசந்தா வீட்டோடு இருக்கிறேன். சென்ற மாதம் கண்புரைக்காகக் கும்பகோணத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனேன். துணைக்கு வந்த தங்கை மகள் போனில் மூழ்கியிருந்தாள். ஒரு பெண் தரையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

அந்த வாசனை.

"இது பைன் எண்ணெய். செம்பு எடுக்க இதைத்தான் ஊத்துவாங்க" என்றேன் தங்கை மகளிடம்.

"ஆமா மாமா, உங்களுக்கு எல்லாம் தெரியும்" என்றாள், தலையைத் தூக்காமல்.

பெஞ்சின் அந்தக் கோடியிலிருந்து ஒரு குரல் வந்தது. "இதை ஊத்துனா செம்பு வராது. நுரைதான் வரும். செம்பு வர்றதுக்கு வேற ஒண்ணு ஊத்தணும்."

எண்பதை நெருங்கிய ஒரு அம்மா. முந்தின நாள்தான் ஆபரேஷன் ஆகியிருக்க வேண்டும், ஒரு கண்ணில் பஞ்சு வைத்து ஒட்டியிருந்தது. நரைத்த தலையில் இறுக்கி முடிந்த கொண்டை.

"நீங்க எந்த பிளாண்ட்ல இருந்தீங்க?" என்று கேட்டார்.

இடத்தின் பெயரைச் சொன்னேன். கல் மலை என்றேன். தகரக் கொட்டகை என்றேன். அவர் என் பக்கம் திரும்பினார். எனக்கும் கண் மங்கல். முகத்தை வைத்து ஒன்றும் தெரியவில்லை.

"மேல மிதக்குறது..." என்று ஆரம்பித்தேன்.

"பதருதானேங்க" என்று முடித்தார். பெஞ்சே ஆடுகிற மாதிரி சிரித்தார். ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்த்தது.

சிரிப்பு அடங்கியதும் முதல் வேலையாகக் கேட்டேன். "மிச்ச ரெண்டு ஷிப்ட் குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க. உன் குழிச் சேத்தை நிறுத்துப் பாத்து, லேப்ல இருந்து ரிசல்ட் வந்த மறுநாளே குடுத்தாங்க. ரெண்டுலயும் வந்துது. அந்த மலை முழுக்க அரைச்சாச்சு. இப்ப அந்த எடம் வெறும் தரை."

பிறகு துண்டு துண்டாகச் சொன்னார். அந்த ஆலையை அவரே நின்று கட்டினாராம். பிறகு அதற்குத் தலைமையும் அவரே. அந்தக் கம்பெனியில் அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண். இன்னும் மூன்று ஊர்களில் இதே முறையில் ஆலை போட்டுக் கொடுத்திருக்கிறார். இதையெல்லாம் ஊரில் சொன்னால், பாத்திரக் கடையிலா வேலை பார்த்தீங்க என்று கேட்கிறார்களாம்.

"அதுவும் தப்பில்ல. எங்கப்பா கும்பகோணத்துல பாத்திரக் கடையிலதான் நிறுவை போட்டாரு" என்றார்.

கொஞ்ச நேரம் கழித்துத் தானாகவே சொன்னார். "உன்னை நான் மறந்துட்டேன். அந்தச் சேத்தைப் பாத்ததும் வேற ஒண்ணும் கண்ணுல படல. மூணு நாள் கழிச்சுத்தான், அந்தக் குத்தாலத்து ஆள் எங்கன்னு கேட்டேன். தொரத்தியாச்சுன்னாங்க. சரின்னு விட்டுட்டேன். தேடியிருக்கணும். தேடல."

"தேடுனா கெடைக்கிற ஆள் இல்லீங்க நான்" என்றேன். உண்மை அதுதான்.

"அதுக்கப்புறம் போட்ட பிளாண்ட்ல எல்லாம் சுவத்துல எழுதி வெச்சேன், அந்தந்த ஊரு பாஷையில. மேல வர்றது சரக்கு, கீழ போறது கழிவுன்னு. இதைக்கூடவா எழுதுவாங்கன்னு சிரிப்பாங்க. சிரிச்சா சிரிச்சுக்கட்டும்னு விட்டுடுவேன்."

நர்ஸ் வந்து கூப்பிட்டாள். "தையல்நாயகி அம்மா, வாங்க, கட்டைப் பிரிக்கணும்."

அப்போதுதான் அவருடைய முழுப்பெயரே எனக்குத் தெரிந்தது. அவருடன் வந்தவர் மருந்துக் கடைக்குப் போயிருந்தார். எழுந்தவர் கையை நீட்டினார். பிடித்துக்கொண்டேன். ஒன்றரைக் கண்ணோடு இருவரும் ஈரத்தரையில் அடிமேல் அடி வைத்துக் கதவு வரைக்கும் போனோம்.

"ஐயா யாரு, வீட்டுக்காரரா?" என்றாள் நர்ஸ்.

"இல்லம்மா. இவரு என் பிளாண்ட்ல வேலை பாத்தவரு."

பதினோரு நாள்தான் என்று நான் திருத்தவில்லை.